பூச்சி மாத்திரையும் மலப் பரிசோதனையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவே இல்லை. இரண்டு முறை மலப் பரிசோதனை செய்தும் ‘புழு முட்டை இல்லை’ என்றே வந்தது. குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இல்லை என்று முடிவு செய்யலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். எந்த முறையில் பார்த்தார்கள் என்று முதலில் லேபில் கேளுங்கள். ஒரு சொட்டு உப்புநீரில் மலத்தைக் கலந்து பார்ப்பதுதான் வழக்கமான சோதனை. அதில் கண்ணாடித் தகட்டுக்குப் போவது சுமார் 2 மில்லிகிராம் மலம். கிராமுக்கு 200 முட்டை இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்த 2 மில்லிகிராமில் சராசரியாக அரை முட்டைகூடத் தேறாது.

கட்டோ-கட்ஸ் முறை இதைவிட மேல். மலத்தைச் சல்லடையில் தேய்த்து, துளையுள்ள தகட்டால் 41.7 மில்லிகிராம் அளந்து, கிளிசரினில் ஊறிய செலோபேன் தாளால் மூடி அழுத்திப் பரப்புவார்கள். எண்ணிய முட்டைகளை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு கிடைக்கும். சிக்கல் கிளிசரினில்தான். மலத்தைத் தெளிவாக்கும் அதே கிளிசரின், மெல்லிய ஓடுள்ள கொக்கிப்புழு முட்டையையும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும். தகடு தயாரான 30 முதல் 60 நிமிடத்துக்குள் பார்த்தாக வேண்டும். காலையில் தயாரித்த தகட்டை மாலையில் பார்த்தால் உருண்டைப்புழு முட்டை அப்படியே இருக்கும், கொக்கிப்புழு முட்டை காணாமல் போயிருக்கும். ‘இல்லை’ என்று வரும் ரிப்போர்ட்டுகளில் சில இப்படித்தான் பிறக்கின்றன. முட்டையிடும் அளவும் நாளுக்கு நாள் மாறும். அதனால் இரண்டு மூன்று வெவ்வேறு நாட்களின் மலத்தைக் கொடுங்கள்.

ரத்தம் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். கொக்கிப்புழுவில் நெகேட்டர் வகை ஒன்று நாளுக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தத்தையும், ஆன்கைலோஸ்டோமா டியோடினேல் வகை ஒன்று சுமார் 0.15 மில்லியையும் இழக்க வைக்கிறது. இரண்டாவது வகையில் 100 புழு இருந்தால் நாளுக்கு 15 மில்லி. நல்ல ரத்தத்தில் மில்லிக்கு அரை மில்லிகிராம் இரும்பு உண்டு, ஆக 7 மில்லிகிராமுக்கு மேல் போகிறது. ஒரு பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆனாலும் சாதாரண உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது நாளுக்கு 1-2 மில்லிகிராம்தானே! இந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புவது?

புழு உறுதியானால் ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தவிர்க்க வேண்டும். ஒரு மாத்திரையில் எல்லாப் புழுவும் போய்விடும் என்று சொல்ல முடியாது. 2-3 வாரம் கழித்து மலத்தை மறுபடி பாருங்கள். மாத்திரை புழுவைத்தான் கொல்லும், இழந்த இரும்பைத் தராது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் இரும்பு மாத்திரை தொடர வேண்டும். புழு இல்லையென்றே உறுதியானால், குடலில் வேறு எங்காவது ரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: பூச்சி மருந்து கொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, குழந்தைக்கு ஆசனவாயில் மறுபடி அரிப்பு. மருந்து வேலை செய்யவில்லையா?

பதில்: வேலை செய்திருக்கும். மருந்து கீரிப்பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. பெண் புழு இரவில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடுகிறது. சில மணி நேரத்தில் அவை தொற்றத் தயாராகிவிடும். படுக்கையிலும் நகக்கண்ணிலும் இரண்டு வாரம் வரை பிழைத்திருக்கும். அதனால் முதல் வேளைக்கு இரண்டு வாரம் கழித்து இரண்டாவது வேளை கட்டாயம். இரண்டு முறையும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில், அவரவர் வயதுக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் குளிக்க வையுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்துத் துவையுங்கள்.

இதற்கு மலப் பரிசோதனை பெரும்பாலும் உதவாது. குழந்தை எழுந்தவுடன், கழுவுவதற்கு முன், ஒளி ஊடுருவும் செல்லோடேப்பை ஆசனவாயில் ஒற்றி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி லேபுக்குக் கொடுங்கள். மூன்று நாள் காலை தொடர்ந்து செய்தால் பெரும்பாலும் தப்பாது. மங்கலான டேப்பில் முட்டை தெரியாது.

கேள்வி: ஆண்டுக்கு இரண்டு முறை ஆல்பெண்டசோல் போட்டுக்கொள்கிறேன். இப்போது நீண்ட நாள் ஸ்டீராய்டு ஆரம்பிக்கிறார்கள். ரத்தத்தில் இயோசினோஃபில் (புழு இருந்தால் கூடக்கூடிய ஒரு வகை வெள்ளை அணு) அதிகம். புழு இருக்குமா?

பதில்: இந்தக் கேள்வியை ஸ்டீராய்டுக்கு முன்னால் கேட்டது மிக நல்லது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழு, ஒரே ஒரு வேளை ஆல்பெண்டசோலுக்குப் பெரும்பாலும் அசைவதில்லை. மற்றப் பெரும்பாலான குடற்புழுக்களைப் போலன்றி உடலுக்குள்ளேயே தன் சுற்றை முடித்துப் பெருகும். பல பத்தாண்டுகள்கூடச் சத்தமின்றி இருக்கும். ஸ்டீராய்டு வந்து எதிர்ப்புச்சக்தி தளர்ந்ததும் இளம்புழுக்கள் பெருகி நுரையீரல், மூளை வரை பரவும். குடல் பாக்டீரியாவும் கூடவே போய் ரத்தத்தில் நஞ்சேறும். உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது.

மலத்தில் இதன் முட்டையைத் தேடிப் பயனில்லை, வருவது இளம்புழு. மலத்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் உடனே கொடுங்கள். அகர் தட்டு வளர்ப்பு முறையோ ரத்த எதிரணுச் சோதனையோ கேளுங்கள். சிகிச்சை ஐவர்மெக்டின், உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம்: 60 கிலோவுக்கு 12 மில்லிகிராம், மருத்துவர் சொல்லும் நாட்கள். மத்திய ஆப்பிரிக்காவில் வசித்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அங்குள்ள லோவா லோவா புழு ரத்தத்தில் மிகுந்திருக்கும்போது இந்த மருந்து மூளையைப் பாதிக்கக்கூடும்.

கேள்வி: யானைக்கால் நோய்க்கு ஏன் இரவில் ரத்தம் எடுக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலான பகுதிகளில், இந்நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் தங்கிவிட்டு, இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை தோலடி ரத்தத்துக்கு வருகின்றன. பரப்பும் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். புழுவின் புரதத்தைக் கண்டறியும் ஆன்டிஜன் பட்டைச் சோதனை என்றால் பகலிலேயே எடுக்கலாம்.