தாத்தாவின் பட்டாளப் படம் – கடிதம்

வணக்கம் சார்,

எங்கள் தாத்தா இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் சண்டை போட்டவர் என்று கேட்டே வளர்ந்தோம். சமீபத்தில் பரணில் ஒரு குரூப் போட்டோ கிடைத்தது. கீழே சிலேட்டில் ‘11 ஃபீல்ட் பார்க் கம்பெனி, மெட்ராஸ் சாப்பர்ஸ், 1943’ என்று இருக்கிறது, பெயர்கள் இல்லை. நாற்காலியில், தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு இருப்பவர்தான் தாத்தா, லெப்டினன்ட்டாக இருந்தார் என்கிறார் அத்தை. சித்தப்பா மூன்றாவது வரிசையில் நிற்பவரைக் காட்டுகிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

ம., ஆரணி

அன்புள்ள ம.,

முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் சிலேட்டுக்கு வாருங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பது பட்டாளத்தின் இன்ஜினியர் படை. அதன் 11 ஃபீல்ட் பார்க் கம்பெனி இந்திய 4ஆம் டிவிஷனோடு இருந்தது. அந்த டிவிஷன் எரித்திரியா, வட ஆப்பிரிக்கா, 1944இல் இத்தாலியில் கசினோ போர்க்களம், பிறகு கிரீஸ் என்று போனதே தவிர பர்மா பக்கமே போகவில்லை. அதற்காக வீட்டில் சொன்னது பொய் என்று முடிவுகட்ட வேண்டாம், போர்க்காலத்தில் ஆளைக் கம்பெனி மாற்றி அனுப்புவது சகஜம், படம் எடுத்த அன்று அவர் அங்கே இருந்தார் என்பதற்கு மேல் படம் எதையும் சொல்லாது. பெட்டியில் பதக்கம் கிடந்தால் பாருங்கள், பர்மா ஸ்டாரா இத்தாலி ஸ்டாரா என்று நடுவட்டத்திலேயே எழுதியிருக்கும். இந்தியச் சிப்பாய்களின் பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பதும் உண்டு.

இரண்டு நட்சத்திரம் பற்றி. லெப்டினன்ட்டுக்கும் இரண்டு, அவருக்குக் கீழ்ப்பதவியான சுபேதாருக்கும் இரண்டு, பல குடும்பங்கள் குழம்புவது இங்கேதான். வெள்ளைக்கார அதிகாரிகளோடு நாற்காலியில் உட்காரும் நம்மவர்கள் பெரும்பாலும் சுபேதார், ஜமேதார்கள். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம், தாத்தாவுடையது இருக்கிறதா என்று தேடுங்கள். 1946இல் சுபேதாருக்கு வெகு கீழேயுள்ள நாயக்காக வெளியே வந்தவர் 1943இல் சுபேதாராக இருந்திருக்க வழியில்லை, அப்படியென்றால் சித்தப்பா பக்கம்தான் நியாயம். (இதே கம்பெனியின் சுபேதார் சுப்பிரமணியன், செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், 1944 பிப்ரவரி 24இல் இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, மற்றவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடிமேல் பாய்ந்து உயிர்விட்டார். அதற்காக ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீரப் பதக்கம் பெற்றவர். அத்தை காட்டும் ஆள் அவராகக்கூட இருக்கலாம், ஆனால் இப்போதே ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள்.)

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது இறந்தவர்களுக்கானது. சிப்பாய் எண் தெரிந்தால் பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் (மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர்) ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுங்கள். எண்ணோடு பெயர், தகப்பனார் பெயர், ஊர், அப்போதைய தாலுகா எல்லாம் கொடுங்கள். சாதாரணச் சிப்பாய்களின் பழைய ஏடுகள் எல்லாமே மிஞ்சியிருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. எண் தெரியாவிட்டால், பாட்டி உலகப்போர் வீரர் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகை வாங்கினாரா என்று விசாரியுங்கள், வாங்கியிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காகிதம் இருக்கும்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் எந்த ஊரில் எடுத்தது என்றாவது பார்த்துவிடலாம்.