கொலுசுப் பட்டறைக்கு ஏசி: எந்த அறைக்கு, எந்தப் பணத்தில்?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் வீட்டு மாடியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்து, கூலிக்கு வேலை செய்து கொடுக்கிறேன். என்னையும் மனைவியையும் தவிர இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கொலுசுத் துண்டுகளைத் தீயில் சூடாக்கிப் பற்றவைத்து இணைக்கும்போது தீ அலையும் என்பதால் ஃபேன் போட முடிவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மதியம் மூன்று மணி நேரம் வேலை நின்றுவிடுவதால் மாதம் 12,000 ரூபாய் வரை வருமானம் குறைகிறது. ஒன்றரை டன் ஏசி வாங்க நினைக்கிறேன். வங்கியில் இருக்கும் 60,000 ரூபாயை எடுக்கலாமா, கடையில் சொல்லும் வட்டியில்லாத் தவணையில் வாங்கலாமா, ஓடிக்கொண்டிருக்கும் ஏலச் சீட்டைத் தள்ளுக்கு, அதாவது சீட்டுத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே, எடுக்கலாமா?

பதில்: பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு முன், ஏசியை எந்த அறையில் மாட்டப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஏனெனில் நீங்கள் சொல்லும் இழப்பு பற்றவைக்கும் இடத்தில் ஏற்படுகிறது. அந்த இடமோ ஏசிக்கு உரியது அன்று. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கும். கதவடைத்த அறையில் எரிவாயுத் தீ எரிந்தால் பிராணவாயு குறைவதுடன் கார்பன் மோனாக்சைடும், பற்றவைப்புப் பொடியின் புகையும் சேரும். காட்மியம் கலந்த பொடியாக இருந்தால் அந்தப் புகை நுரையீரலுக்கு மிகவும் கெடுதி. எனவே பற்றவைப்பு எக்சாஸ்ட் ஃபேன் உள்ள தனி அறையில்தான் நடக்க வேண்டும். கொலுசை அமிலத்தில் போட்டுக் கழுவும் வேலையும் அங்கேயே இருக்கட்டும். அமில ஆவி ஏசியின் செம்புக் குழாய்களை அரித்துவிடும்.

அப்படியானால் ஏசியால் கிடைக்கும் பலன், அதிகாலையில் பற்றவைப்பை முடித்துக்கொண்டு, மதியத்தில் கோர்ப்பது, அளவு பார்ப்பது போன்ற தீயில்லா வேலைகளைக் குளிர்ந்த அறையில் தொடர முடியும் என்பதுதான். இழந்த 24,000 ரூபாயும் இதன்மூலம் திரும்பிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். ஏசிக்கு 45,000 ரூபாய், ஸ்டெபிலைசர், வயரிங், எர்த்திங் ஆகியவற்றுக்கு 10,000 ரூபாய் என மொத்தம் 55,000 ரூபாய் ஆகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம், மணிக்கு 1.2 யூனிட் வீதம் மாதம் 26 நாட்களுக்குச் சுமார் 250 யூனிட் செலவாகும். யூனிட் 7 ரூபாய் எனக் கொண்டால், நான்கு கோடை மாதங்களுக்கு 7,000 ரூபாய். மீதி 17,000 ரூபாயில் முதலை எடுக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இழப்பில் பாதிதான் திரும்புகிறது என்றால் பத்து ஆண்டுகள் கடந்தாலும் முதல் திரும்பாது. நட்சத்திர லேபிளில் உள்ள ஆண்டு மின்செலவு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது என்பதையும், வெயில் நேரடியாக இறங்கும் மாடியறையில் செலவு அதைவிடக் கூடும் என்பதையும் கவனியுங்கள்.

மின் இணைப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இரண்டு மாதக் கணக்கெடுப்பில் ஏசி ஒன்றே 500 யூனிட்டைத் தொடுகிறது. வீட்டு இணைப்பில் 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். அதைவிட முக்கியம், வீட்டு இணைப்பில் பட்டறை நடத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடாகக் கருதப்பட்டு, உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கப்படலாம். 12 கிலோவாட் வரையிலான குடிசை, குறுந்தொழில்களுக்கு மூன்று-ஏ(1) என்ற தனிக் கட்டண வகை உள்ளது. ஏசி வாங்கும் முன்பே அதில் தனி இணைப்புக்கு விண்ணப்பித்து, ஏசியையும் சேர்த்து மின்சுமையைக் குறிப்பிடுங்கள்.

இந்தக் கோடைக்கு மொட்டை மாடிக்கு வெள்ளை வெயில் தடுப்புப் பெயிண்டும், தீயில்லா வேலை அறைக்கு ஜன்னலோரம் வைக்கும் ஏர் கூலரும் போதும் என்பது என் கருத்து. சேலத்துக் கோடைக் காற்று சென்னையைவிட வறண்டது, ஆகவே கூலர் இங்கே நன்றாகவே வேலை செய்யும். செலவு ஏசியில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அந்தச் சில வாரங்களில் மதிய வேலை உண்மையில் எவ்வளவு கூடுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அதன் பிறகும் ஏசி வேண்டும் என்றால், வங்கியில் உள்ள 60,000 ரூபாயைத் தொடாதீர்கள். 2025-இல் வெள்ளி விலை கிலோ இரண்டு லட்சம் ரூபாயைக் கடந்ததை நீங்களே அறிவீர்கள். விலை ஏறி ஆர்டர் குறையும் மாதங்களில் இரண்டு பேருக்குக் கூலி கொடுக்க உதவுவது அந்தப் பணம்தான். சீட்டைத் தள்ளுக்கு எடுப்பதும் வேண்டாம். தள்ளிவிடும் தொகை உங்களுக்கு வட்டியைப் போன்ற செலவுதான். தவணை பரவாயில்லை, ஆனால் ரொக்க விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ரொக்கத்துக்கு 42,000 ரூபாய், 12 தவணைக்கு 45,000 ரூபாய் என்றால், ‘வட்டியில்லாத்’ தவணையில் நீங்கள் கட்டுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீத வட்டி.

வரி விஷயம் சுருக்கமானது. ஏசிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. ஆண்டுக் கூலி வரவு 20 லட்சத்துக்குள் இருந்து நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர் என்றால், அந்த வரி உங்களுக்குச் செலவுதான். வரவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தையே லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையில் வருமான வரிக் கணக்குக் காட்டுபவராக இருந்தால் ஏசிக்குத் தனியே தேய்மானமும் கழிக்க முடியாது. முறையான கணக்கு எழுதுபவர் 15 சதவீதம் கழிக்கலாம். வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த ஆண்டுக்கு அதில் பாதிதான். பில்லைப் பட்டறையின் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏசி ஃபில்டரைத் துடைக்கும்போது விழும் தூசியையும் பட்டறையில் கூட்டிச் சேர்க்கும் தூசியோடு சேர்த்துவிடுங்கள், அதிலும் கொஞ்சம் வெள்ளி இருக்கும்.