கடைசி நிமிடத்து இரைச்சல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் தி ஃபீல்டு மைஸ் இசைக்குழுவின் ‘சென்சிட்டிவ்’ சிங்கிளை (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய இசைத்தட்டு) பல வருடம் கழித்து எடுத்துக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இசைச் செயலியில் நானும் கேட்டேன். நல்ல பாட்டுதான். ஆனால் அதற்காகத் தட்டைத் துடைத்து, ஊசி வைத்து உட்காருவதெல்லாம் வெறும் பழைய நினைப்புதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாதி சரி. சுத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் செயலிதான். என் தட்டு நான் வாங்கும்போதே தேய்ந்திருந்தது.

வம்பே அங்கிருந்துதான் ஆரம்பம். பாட்டின் கடைசிப் பகுதி முழுக்கக் கிட்டார் இரைச்சல். அது தட்டின் கோளாறு என்றே ரொம்ப நாள் நம்பியிருந்தேன். நம்பக் காரணமும் இருந்தது. ஏழு அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில் ஒரு சுற்று சுமார் 53 செ.மீ.; பாட்டு முடியும் இடத்தில், நடு லேபிளை நெருங்கும்போது, 35-ஐ ஒட்டி வந்துவிடும். தட்டு சுற்றும் வேகம் மாறாது. அதனால் அதே ஒலியைக் குறைந்த நீளத்துக்குள் நெருக்கிச் செதுக்க வேண்டும். ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறும், மேல் ஸ்தாயி மங்கும்.

அப்புறம் செயலியில் கேட்டால், இரைச்சல் அங்கேயும் இருக்கிறது! பாட்டே அப்படித்தான். சரி, இதில் அவர்கள் போட்டது எவ்வளவு, என் தட்டு சேர்த்தது எவ்வளவு என்று பார்க்கத்தான் மறுபடி எடுத்தேன். ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டேன். செயலியில் கிட்டார்கள் தனித்தனியாக நிற்கின்றன. தட்டில் ஒன்றோடொன்று கூழாகிவிடுகின்றன. எனக்குக் கூழ்தான் பழக்கம். ஆனாலும் செயலியில் இருப்பதே மேல்.

இன்னொன்று. இதை வெளியிட்டது பிரிஸ்டல் நகரத்து இசை நிறுவனமான சாரா ரெக்கார்ட்ஸ். 1987-இல் தொடங்கி, 1995-இல் நூறாவது வெளியீட்டு எண்ணோடு கடையைக் கட்டியவர்கள். இது 18-ஆவது, 1989. சிங்கிளை ஆல்பத்துக்கான விளம்பரமாக நினைக்காமல், அதையே முழுப் படைப்பாகப் பார்த்தவர்கள். மறுபக்கத்தில் ‘வென் மார்னிங் கம்ஸ் டு டவுன்’. அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு எழுந்து போய்த் திருப்பிப் போட்டால், அடங்கிய குரலில் ஒரு பாட்டு. இந்த இரண்டும் ஒரு ஜோடி என்பது செயலியில் எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு கீறல் இருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை டக், டக் என்கிறது. அதில் மட்டும் சந்தேகமில்லை, என் கைவேலைதான்.