தப்பு அவர்களுடையது, மறுதேர்வு எங்களுக்கா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம், கடைசி செமஸ்டர். ஒரு பேப்பருக்கு எங்கள் சென்டரில் பழைய பாடத்திட்டத்து வினாத்தாளைக் கொடுத்துவிட்டார்கள். சொல்லிப் பார்த்தோம், "வந்ததை எழுதுங்க" என்றார்கள், மூன்று மணி நேரம் எழுதினோம். இப்போது அந்தத் தேர்வு செல்லாது, மறுதேர்வுத் தேதி பிறகு அறிவிக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. எம்.எஸ்சி. சேர்க்கை நெருங்கிவிட்டது. சராசரி மார்க் போடச் சொல்லிக் கேட்கலாமா? கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்குமா?
- வாசகி, புதுக்கோட்டை

பதில்: உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் மார்க் கேட்டுப் போராடாதீர்கள், தேதி கேட்டுப் போராடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்தவர் தப்புக்கு ஈடாக மார்க் கொடுப்பது மேல் நீதிமன்றங்களில் நிற்பதில்லை. 2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 2024 நீட்டிலும் சில மையங்களில் நேரம் வீணானதற்காக 1563 பேருக்குக் கொடுத்த கருணை மார்க்கைத் திரும்பப் பெற்றார்கள். மறுதேர்வு எழுதலாம், இல்லையென்றால் கருணை மார்க் கழித்த பழைய மார்க்கை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது தேதிகளை. ஜூன் 13-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள், ஜூன் 23-ல் மறுதேர்வே நடந்துவிட்டது. நாடு முழுக்க நடக்கிற தேர்வில் பத்து நாளில் முடிந்தது, ஒரு பேப்பருக்கு ஏன் முடியாது என்று உங்கள் மனுவிலேயே கேளுங்கள். ரத்து என்று சொல்கிற அதே சுற்றறிக்கையில் மறுதேர்வுத் தேதியும் இருந்திருக்க வேண்டும், அது இல்லாததுதான் உங்களுக்கு நடந்த இரண்டாவது அநியாயம்.

மனுவைப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதி, முதல்வர் வழியாக ஒன்றும் பதிவுத் தபாலில் நேரடியாக ஒன்றும் அனுப்புங்கள். வகுப்பே கையெழுத்துப் போட்டு ஒன்று, அது போக அவரவர் பெயரில் தனித்தனியாக. மனுவில் இவற்றைக் கேளுங்கள்: மறுதேர்வுக்குக் கட்டணம் கூடாது, அது அரியராகக் கணக்கில் வரக்கூடாது, முதல் அட்டெம்ப்ட் என்றே மார்க் ஷீட்டில் இருக்க வேண்டும், மற்ற பேப்பர்களின் ரிசல்ட்டை இதற்காக நிறுத்தி வைக்கக்கூடாது, தாமதம் பல்கலைக்கழகத்தால் ஏற்பட்டது என்று ஒரு கடிதம் வேண்டும். இந்தக் கடைசிக் கடிதத்தை விட்டுவிடாதீர்கள், எம்.எஸ்சி. சேர்க்கையில் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான். ஐந்தாம் செமஸ்டர் வரையிலான மார்க்கை வைத்துத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு, விண்ணப்பித்த இடத்தில் இன்றைக்கே கேளுங்கள்.

அப்புறம், அந்த வினாத்தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். "வினாத்தாள் தப்பு என்று நாங்கள் யாரும் அப்போது சொல்லவில்லை" என்கிற மாதிரி எதிலாவது கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

பதில் வராவிட்டால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிகள் இருக்கின்றன. மாணவர் குறைதீர்க்கும் குழு 15 வேலை நாட்களில் அறிக்கை கொடுக்க வேண்டும், அந்த முடிவு சரியில்லை என்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தேர்வு நடத்துவதில், ரிசல்ட் வெளியிடுவதில் தாமதம் என்பது அந்த விதிகளின்படியே ஒரு புகார், ஆகவே மனுவில் அந்தச் சொல்லையே போடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்ட (ஆர்டிஐ) மனுவும் அதே நாளில் பத்து ரூபாய் கட்டணத்தோடு போகட்டும். அந்த மையத்திலிருந்து போன அறிக்கை, ரத்து முடிவின் நகல், உங்கள் விடைத்தாள் நகல் மூன்றையும் கேளுங்கள். விடைத்தாளைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. பதிலுக்கு 30 நாள் அவகாசம் என்பதால் இது சேர்க்கைக்கு உதவாது, ஆதாரத்துக்கு உதவும்.

கோர்ட் கடைசி வழி. அரசியலமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம், அங்கேயும் மார்க் கேட்காமல், இத்தனை நாளுக்குள் தேர்வு நடத்தி ரிசல்ட் வெளியிட உத்தரவிடுங்கள் என்று கேட்பதுதான் நிற்கும். செலவுக்குப் பயப்படாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் அப்படித்தான். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்ச் சொன்னால் வழி காட்டுவார்கள்.

கேள்வி: என் மகனுக்கும் இதே மாதிரி ஒரு தேர்வு ரத்தானது. கட்டணம் வாங்கிக்கொண்டுதானே தேர்வு நடத்துகிறார்கள், நுகர்வோர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாமா?
- ஒரு தந்தை, கரூர்

பதில்: வேண்டாம் சார். தேர்வு நடத்துவது நுகர்வோர் சட்டத்தில் வருகிற சேவை இல்லை, தேர்வு எழுதுகிறவர் நுகர்வோரும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் சொன்னது, அடுத்த வருஷம் ஒரு பல்கலைக்கழக வழக்கிலும் அதையே சொன்னது. அங்கே போனால் மாதக்கணக்கில் அலைந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். பையனிடம் மறுதேர்வுக்குப் பணம் வாங்கியிருந்தால், அதைத் திருப்பித் தரச் சொல்லித் தேர்வுப் பிரிவுக்கு ரசீது நகலோடு எழுதுங்கள். மறுத்தால் மேலே சொன்ன குறைதீர்க்கும் குழுவுக்குப் போங்கள்.