'எல்லெமெனோபி' என்றோர் எழுத்து இல்லை

குழந்தைகளுக்குப் பாட்டு, வாசிப்பு, கைவேலை வழியாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது பற்றி வந்த ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். அச்சு வசதிக்காக ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். குழந்தைக்கு எழுதிக்கொடுக்கும்போது ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது.

என் மகள் இரண்டாம் வகுப்பு. யூடியூப் பார்த்தே இருபது ஆங்கிலப் பாட்டு மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் பாட்டில் வரும் ஒரு சொல்லைத் தனியாகக் கேட்டால் விழிக்கிறாள். பாட்டால் பயனே இல்லையா?
– ஒரு தாய், கோவில்பட்டி

ஏபிசிடி பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். ஏ முதல் கே வரை ஒவ்வோர் எழுத்தும் நிதானமாக வரும். எல், எம், என், ஓ நான்கும் இரட்டை வேகத்தில் ஓடிவிடும். அதனால்தான் 'எல்லெமெனோபி' என்று ஓர் எழுத்து இருப்பதாகவே பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். உங்கள் மகள் காதிலும் ஒவ்வொரு பாட்டும் ஒரே நீளச் சொல்லாகத்தான் பதிந்திருக்கிறது. அதைத் துண்டு போட்டுக் கொடுக்க வேண்டியது பெரியவர்களின் வேலை.

இருபது பாட்டையும் ஓரமாக வையுங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டு, நான்கு வரி, எட்டுக்கு மேல் புதுச் சொல் வேண்டாம். நீங்களே கட்டிக்கொள்ளலாம்:

ஐ ஸீ எ க்ரோ
ஆன் த ட்ரீ.
த க்ரோ ஆன் த ட்ரீ
இஸ் லுக்கிங் அட் மீ.

முதல் நாள் ஜன்னலோரம் நின்று காக்கையைக் கைகாட்டிப் பாடுங்கள். மறுநாள் 'ஆன் த...' என்று நிறுத்துங்கள், அவள் முடிக்கட்டும். மூன்றாம் நாள் நடுவில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டுப் பாடுங்கள், அது என்ன என்று அவள் சொல்ல வேண்டும். நான்காம் நாள் காக்கைக்குப் பதில் கிளி, பூனை, பாட்டி, எது வேண்டுமானாலும் மரமேறட்டும். ஐந்தாம் நாள் நான்கு வரியையும் நான்கு தாள் துண்டில் எழுதிக் கலைத்துப்போட்டு அடுக்கச் சொல்லுங்கள். ராகத்தை வைத்தே வரிசையாக அடுக்கிவிடுவாள், படித்ததாக ஆகாது. அதனால் அடுக்கி முடித்ததும் மூன்றாவது வரியை மட்டும் எடுத்துக் கொடு என்று கேளுங்கள். அங்கேதான் உண்மை தெரியும்.

இன்னொன்று. பாட்டில் 'த', 'அட்' போன்ற குட்டிச் சொற்கள்கூடத் தாளத்துக்காக நீளும். பாடி முடித்ததும் அதே வரியை ராகமில்லாமல் பேச்சாக ஒருமுறை சொல்ல வையுங்கள். யூடியூப் பாட்டு என்றால் வேகத்தை 0.75க்குக் குறைத்துப் போடுங்கள்.

எங்கள் ஒன்றியப் பள்ளிப் பிள்ளைகள் புக்கு, பஸ்ஸு, இஸ்கூல், யெக்கு (முட்டை) என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திருத்துவதா, விட்டுவிடுவதா?
– இடைநிலை ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பிள்ளைகள் பேசுவது அலட்சியத்தால் அல்ல, தமிழ் இலக்கணத்தால். தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் 'புக்' என்று நிறுத்த வாய் மறுக்கிறது, பழகிய குற்றியலுகரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழ்ச்சொல்லின் தொடக்கத்தில் மெய்யெழுத்தும் வராது. அதனால் 'ஸ்கூல்' முன்னால் ஓர் இகரம் முளைக்கிறது. இதைப் பிள்ளைகளிடமே சொல்லுங்கள். தப்பு என்று கேட்பதைவிட, தமிழில் இப்படி, அங்கே அப்படி என்று கேட்டால் வாய் திறக்கப் பயப்பட மாட்டார்கள்.

பாடும்போதும் வாசிக்கும்போதும் திருத்தவே வேண்டாம். குறித்துவைத்துக்கொண்டு வகுப்பு முடியும் முன் 5 நிமிடம் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்கூல்' சொல்ல, முதலில் பாம்புபோல 'ஸ்ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டே இருந்துவிட்டு 'கூல்' சேர்க்கச் சொல்லுங்கள். 'புக்' சொன்னதும் உள்ளங்கையை மூடி, மனத்துக்குள் ஒன்று எண்ணிய பிறகே மூச்சு விட வேண்டும்.

எதை முதலில் திருத்துவது? பொருளை மாற்றிவிடும் ஒலிகளை. பன்றிக்கான சொல்லும் பெரியது என்பதற்கான சொல்லும் நம் பிள்ளைகள் வாயில் ஒன்றாகவே வரும். இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய தாளைக் கிழித்து உதட்டுக்கு முன் தொங்கவிடச் சொல்லுங்கள். பன்றியைச் சொன்னால் தாள் துள்ள வேண்டும், பெரியதைச் சொன்னால் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். துள்ளவில்லை என்றால் காற்று போதவில்லை, அவ்வளவுதான். 'பென்' என்று எழுதுகோலைச் சொல்லும்போதும் இதே சோதனை. வாரத்துக்கு இரண்டு ஜோடி போதும். 'யெக்கு' கொஞ்சகாலம் காத்திருக்கட்டும், அதனால் யாருக்கும் பொருள் மாறாது.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மகனுக்கு (மூன்றாம் வகுப்பு) ஆங்கிலக் கதைப் புத்தகம் எப்படிப் படித்துக்காட்டுவது? ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழில் எழுதிக்கொடுத்தால் தப்பா?
– ஒரு தந்தை, ராஜபாளையம்

தமிழில் எழுதிக்கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். மேலே சொன்ன பன்றியையும் பெரியதையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்'. பூனையும் வாசல் கதவும் இரண்டுமே 'கேட்'. அதைவிட முக்கியம், தமிழ் எழுத்து கண்ணில் பட்டதும் பையன் அதைத்தான் படிப்பான். மேலே இருக்கும் ஆங்கில எழுத்தைப் பார்க்கவே மாட்டான்.

உங்களுக்கு இருமொழிப் புத்தகம் நல்ல துணை. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படப்புத்தகங்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கும், அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாம் வகுப்புதானே என்று மூன்றாம் நிலையை எடுக்காதீர்கள், முதல் நிலையிலேயே தொடங்குங்கள். ஒரு பக்கத்தைப் படிக்கவிட்டு, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

முதல் நாள் தமிழில் கதையைச் சுவையாகச் சொல்லுங்கள், அது உங்களுக்கு வரும். இரண்டாம் நாள் படங்களை மட்டும் புரட்டி, தெரிந்த பொருளுக்கு ஆங்கிலப் பெயர் சொல்லட்டும். மூன்றாம் நாள் ஆங்கில வரி. அவன் விரல் வைத்துப் படிப்பான், நீங்கள் பின்னால் சொல்லுங்கள். ஒலிப்பதிவோடு வரும் கதைகளும் அந்தத் தளத்தில் உண்டு, உச்சரிப்பை அதிலிருந்து இருவரும் சேர்ந்தே கேட்கலாம். நான்காம் நாளும் அதே புத்தகம்தான். பெரியவர்களுக்குச் சலிக்கும், குழந்தைக்குச் சலிக்காது. வரிக்கு வரி 'இதுக்கு என்ன அர்த்தம்?' என்று நிறுத்திக் கேட்பதுதான் கதையைக் கொல்லும்.

'சி-ஏ-டி கேட்' என்று தினமும் ஒப்பிக்கிறான். புதுச் சொல்லைப் படிக்கத் தெரியவில்லையே?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

அவன் சொல்வது எழுத்தின் பெயர். 'சி', 'ஏ', 'டி' மூன்றையும் கூட்டினால் 'சியேடி' வருமே தவிரப் பூனை வராது. எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொடுங்கள், அகர வரிசையிலும் வேண்டாம். பிரிட்டன் அரசு 2007இல் வெளியிட்ட ஒலிவழிப் பாடத்திட்டம் எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளோடு தொடங்குகிறது ('டி' என்பது டீத்தூளின் டி, 'பி' என்பது பேனாவின் பி). இந்த ஆறை வைத்தே எறும்பு, ஊசி, தகரம், குழாய், உட்கார் எல்லாம் எழுதிவிடலாம். அட்டையில் எழுதி, ஒலியை இழுத்து இழுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். 'ஸ்' என்பதை 'ஸு' என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் சேராது, கவனம்.

பள்ளியில் மாதம் ஒரு ஆங்கில புராஜெக்ட். நெட் சென்டரில் படம் எடுத்து சார்ட்டில் ஒட்டி அனுப்புகிறோம். உருப்படியாக என்ன செய்யலாம்?
– பெற்றோர், ஈரோடு

அந்தச் சார்ட்டில் குழந்தையின் ஆங்கிலம் ஒரு வரிகூட இல்லை. பணமும் வீண், ஞாயிற்றுக்கிழமையும் வீண். ஒரே ஒரு ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யச் சொல்லுங்கள்.

தாளைப் படுக்கவைத்து, நீளவாக்கில் பாதியாக மடித்து விரியுங்கள். பிறகு இடமும் வலமும் சேரப் பாதி, மறுபடி பாதி. விரித்தால் மேலே நான்கு, கீழே நான்கு, எட்டுக் கட்டம். இப்போது இடவலமாக ஒருமுறை மட்டும் மடியுங்கள். மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் வெட்டி, குறுக்குக் கோடு வந்ததும் கத்தரியை நிறுத்துங்கள். விரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்குக் கீறல் இருக்கும். நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் கீறல் வாய் திறந்து கூட்டல் குறிபோல நிற்கும். இதழ்களை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்துங்கள். பசையும் வேண்டாம், ஸ்டேப்ளரும் வேண்டாம்.

கெடுவது இரண்டு இடத்தில். மடிப்பு இல்லாத பக்கத்திலிருந்து வெட்டினால் ஓரம் கிழியும், புத்தகம் ஆகாது. மடிப்பதற்கு முன்பே எழுதினால் பாதிப் பக்கம் தலைகீழாகும். மடித்து முடித்துப் பென்சிலால் பக்க எண் போட்டுவிட்டு, அப்புறம் எழுத வேண்டும். ஸ்கெட்ச் பேனா மை ஊறினால் கவலையில்லை, பின்புறம் மடிப்புக்குள் போய்விடும்.

அட்டை இரண்டு போக ஆறு பக்கம். பக்கத்துக்கு ஒரு வாக்கியம், ஏழு சொல்லுக்குள். அந்த வாரப் பாட்டிலும் கதையிலும் வந்த சொற்களே வரட்டும்: 'ஐ ஸீ எ கோட் ஆன் த வால்.' முதலில் வாயால் சொல்லி, பிறகு எழுதி, கடைசியில்தான் படம். வரிசையை மாற்றினால் இரண்டு மணி நேரம் ஆட்டுக்கு வண்ணம் தீட்டுவதிலேயே போகும். முடித்ததும் மூன்று பேருக்கு வாசித்துக்காட்டி, பின்னட்டையில் அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பாதிப் பயன் இந்த மூன்று வாசிப்பில்தான்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்றால் எலுமிச்சைச் சாறு செய்முறை. கட், ஸ்க்வீஸ், போர், ஆட், ஸ்டர் என்று ஐந்து வினைச்சொல்லில் எழுதட்டும். இன்னொரு குழந்தை எழுதியபடியே செய்ய வேண்டும். விதையை எடு என்று எழுத மறந்திருந்தால் விதை டம்ளரிலேயே கிடக்கட்டும். அந்த வரியைப் பிறகு யாரும் சொல்லாமலே சேர்ப்பார்கள்.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில். மூன்று பாட்டு நடத்த நேரமில்லை.
– ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் இத்திட்டம் 2022இல் வந்ததிலிருந்து பலர் கேட்கும் கேள்வி இது. பாட்டு ஒன்றே போதும், வேலையை மூன்றாக்குங்கள். காக்கைப் பாட்டையே எடுத்துக்கொண்டால், அரும்பு பாடிக்கொண்டே படத்தைத் தொடட்டும். மொட்டு விடுபட்ட சொல்லின் அட்டையைத் தேடி வைக்கட்டும். மலர் புது வரி எழுதி, மறுநாள் அதை அரும்புக்குப் பாடிக்காட்டட்டும். அட்டைகளைப் பாட்டுக்கு முன்பே கொடுத்துவிடாதீர்கள். கையில் அட்டை இருந்தால் ஒருவரும் பாட மாட்டார்கள்.