உப்பு லொறிக்காரரிடம் கேளுங்கோ

கனடாவில், ஒன்ராறியோவில் பதினொரு குளிர்காலமாக உப்பு லொறி ஓட்டுறன். நீங்கள் கேட்டு எழுதினதில் சிலவற்றுக்குப் பதில் இது.

கேள்வி: அண்ணை, ஸ்நோ கொட்ட முதலே நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோடுகள் கிடக்குதே, அது என்ன?

பதில்: உப்புத்தண்ணி, தங்கச்சி. 23 சதவீதக் கரைசல். லொறிக்குப் பின்னால் வரிசையாக இருக்கிற குழாய்களால் விழுந்து கோடு கோடாய்க் காயுது. ஸ்நோ தாரோடு ஒட்டிப் பிடிக்க விடாது. ஒட்டின பிறகு கிளப்புறதெண்டால் கனக்க உப்பு வேணும்.

கேள்வி: போன கிழமை -18. உப்பை அள்ளிக் கொட்டியும் வீட்டு முன்னால் கார் விடுற றைவ்வேயில் ஐஸ் அசையேல்லை. கலப்பட உப்போ?

பதில்: உப்பில் பிழையில்லை, தம்பி. -1 பாகையில் ஒரு கிலோ உப்பு 46 கிலோ ஐஸை உருக்கும். -12இல் 5 கிலோகூட உருக்காது. அந்தக் குளிருக்கு நாங்கள் உப்பில் கல்சியம் குளோரைட் எண்ட இன்னொரு வகை உப்பின் கரைசலைத் தெளிச்சுப் போடுவம். சீனி எடுக்கிற பீட் கிழங்கின் சாறு கலக்கிற இடங்களும் உண்டு. அதுக்கும் சரிவராட்டி மணல்தான். அது ஒண்டையும் உருக்காது, ரயருக்குப் பிடி குடுக்கும். குளிர் குறைஞ்ச நாளில் இரண்டு கார் நிக்கிற றைவ்வேக்கு ஒரு கோப்பிக் குவளை உப்புப் போதும். நீங்கள் வாளியோடு நிக்கிறியள்!

கேள்வி: காரில் +1 காட்டினது, பாலத்தில் சறுக்கிப் போச்சு. எப்படி?

பதில்: கார் காட்டுறது காத்தின்ரை சூடு. முகில் இல்லாத இரவில் றோட்டு தன் சூட்டை வானத்துக்கு விட்டிட்டு காத்தைவிடக் குளிர்ந்து போகும். பாலத்துக்கு அடியிலும் காத்து, நிலச்சூடு ஏறாது. என்ரை லொறியில் றோட்டைப் பார்த்தபடி ஒரு அகச்சிவப்பு உணரி இருக்கு. திரையில் இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஒருநாள் விடிய நாலு மணி: காத்து +1, றோட்டு -3. றோட்டு சும்மா நனைஞ்ச மாதிரித்தான் மினுங்கினது. அதுதான் கறுப்பு ஐஸ். சில இடங்களில் தாருக்குள்ளேயே உணரி புதைச்சிருக்கு; ஈரம், வெப்பம், மிஞ்சியிருக்கிற உப்பு எல்லாம் சொல்லும். அதைப் பார்த்துத்தான் எங்களை எழுப்புவினம்.

கேள்வி: இவ்வளவு உப்பும் எங்கயிருந்து?

பதில்: கோடரிச் பக்கம், ஹியூரோன் ஏரிக்கு அடியில், 550 மீற்றர் ஆழத்தில் வெட்டுற கல்லுப்பு. 1866இல் எண்ணெய் தேடித் துளைச்ச இடத்தில் உப்புத்தான் கிடைச்சது. ஊரில் ஆனையிறவு உப்பளம் மாதிரி வெயிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: காரைக் கறல் தின்னுதே?

பதில்: தின்னும். அடிப்பக்கத்தைக் கழுவுங்கோ. மேலே வெள்ளையாய்க் கிடந்தால் பரவாயில்லை, என்ரையும் அப்படித்தான் நிக்குது.