ஒரு வாய்க்கால், ஐந்து அலுவலகங்கள்: தகவல் உரிமை மனுவை எப்படிப் பிரித்துப் போடுவது?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரிக்கு அருகே குடியிருக்கிறோம். சாலையை அகலப்படுத்திய பிறகு ஏரியின் உபரிநீர்க் கால்வாய் குறுகிப்போய், மழைக்காலத்தில் தெருவுக்குள் தண்ணீர் வருகிறது. 14 கேள்விகளுடன் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போட்டேன். அங்கிருந்து பல துறைகளுக்கு மாற்றி அனுப்பினார்கள். வட்டாட்சியர் ‘நீர்வளத்துறையைச் சார்ந்தது’ என்கிறார். நீர்வளத்துறை ‘நெடுஞ்சாலைத்துறையைக் கேட்கவும்’ என்கிறது. நெடுஞ்சாலைத்துறை ‘இவ்வலுவலகத்தில் தகவல் ஏதுமில்லை’ என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டது. பேரூராட்சியிலிருந்து பதிலே இல்லை. கால்வாய் ரயில் பாதைக்கு அடியிலும் போகிறது. அதற்கு யாரைக் கேட்பது? சங்கத்தின் பெயரில் போட்டது தவறா?

பதில்: நீங்கள் இணைத்திருந்த மனுவைப் படித்தேன். 14 கேள்விகளில் பாதிக்கு மேல் ‘ஏன்’, ‘யார் பொறுப்பு’, ‘எப்போது சரிசெய்வீர்கள்’ என்ற ரகம். கேள்விகள் நியாயமானவைதான், ஆனால் இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாதவை. பொதுத் தகவல் அலுவலர் தன் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத் தரக் கடமைப்பட்டவர். காரணம் சொல்லவோ, கருத்துச் சொல்லவோ, இல்லாத தகவலைத் திரட்டித் தொகுத்துத் தரவோ அவருக்குக் கட்டாயமில்லை. சிபிஎஸ்இ விடைத்தாள் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் ஒற்றை வரியில் தட்டிக்கழித்துவிடலாம். ‘எங்கள் புகார் மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல் வேண்டும்’ என்று கேட்டால், அந்தக் குறிப்பைத் தர வேண்டும், அல்லது அப்படி ஒன்று இல்லை என்று கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும். இரண்டில் எது வந்தாலும் உங்களுக்கு லாபம்.

அடுத்து, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரே மனுவாகப் போட்டது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, தன்னிடம் இல்லாத தகவலுக்கான மனுவை உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றிவிட்டு, அதை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தப் பிரிவை நம்பித்தான் பலரும் ‘மேலே ஒரு மனு போட்டால் கீழே எல்லோருக்கும் போய்விடும்’ என்று நினைக்கிறார்கள். ஆனால் தகவல் பல அலுவலகங்களில் சிதறிக் கிடந்தால் என்ன செய்வது? மத்திய அரசின் பணியாளர் துறை 2008 ஜூனில் இதற்கென ஒரு குறிப்பாணை வெளியிட்டது: தன்னிடம் உள்ளதைக் கொடுத்துவிட்டு, மற்றதற்குத் தனித்தனியே விண்ணப்பிக்கச் சொல்லலாம் என்று. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கானது. மாநில அலுவலகங்கள் மாற்றி அனுப்பினாலும் உங்கள் நிலைமை பெரிதாக மாறப்போவதில்லை. 14 கேள்வியும் அப்படியே நான்கு இடங்களுக்குப் போகும். எது தனக்கானது என்று பிரித்துப் பார்க்கும் வேலையை ஒவ்வொருவரும் அடுத்தவர் தலையில் கட்டுவார். 30 நாள் கணக்கும் மாற்றப்பட்ட அலுவலகத்தில் மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.

ஆகவே, தனித்தனி மனு. ஆனால் அதே 14 கேள்வியை ஐந்து நகல் எடுத்து ஐந்து உறையில் போட்டுவிடாதீர்கள்.

ஓர் அரசுக் கடிதத்துக்கு இரண்டு முனை உண்டு. அனுப்பியவரிடம் அலுவலக நகலும் அனுப்புகைப் பதிவும் இருக்கும். பெற்றவரிடம் தபால் பதிவேட்டில் பதிவும் மூலக் கடிதமும் இருக்கும். நெடுஞ்சாலைத்துறை ‘எதுவும் இல்லை’ என்று சொல்லலாம். ஆனால் ஏரிக் கால்வாயின் குறுக்கே சிறுபாலம் கட்டுமுன் நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று கேட்டிருந்தால், அந்தக் கடிதம் நீர்வளத்துறைக் கோப்பில் கிடக்கும். அங்கிருந்து அந்தக் கடிதத்தின் ந.க. எண்ணும் (அலுவலகக் கோப்பு எண்) தேதியும் உங்கள் கைக்கு வந்துவிட்டால் நெடுஞ்சாலைத்துறையின் ஒற்றை வரிப் பதில் அதோடு செத்தது. எனவே இரண்டு துறைகளுக்கும் ஒரே காலவரம்பைக் குறிப்பிட்டு, ஒருவர் மற்றவருக்கு எழுதிய கடிதங்களைக் கேளுங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்: ‘... கிராமம், சர்வே எண் ...இல் உள்ள உபரிநீர்க் கால்வாய் தொடர்பாக, ... தேதி முதல் ... தேதி வரை தங்கள் அலுவலகம் நெடுஞ்சாலைத்துறைக்கு அனுப்பிய, அத்துறையிடமிருந்து பெற்ற அனைத்துக் கடிதங்களின் நகல்கள். அக்கடிதங்கள் மீதான அலுவலகக் குறிப்புகளின் நகல்கள்.’ ‘ஏன்’ எதுவும் வேண்டாம். சர்வே எண்ணும் காலவரம்பும் மட்டும் விட்டுப்போகக் கூடாது.

கடிதம் ஒன்று கிடைத்ததும் பலர் நடுவில் உள்ளதை மட்டும் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது மேலும் கீழும்தான். மேலே ‘பொருள்’ என்பதற்கு அடுத்து ‘பார்வை’ என்று ஒரு பட்டியல் இருக்கும்: இந்தக் கடிதத்துக்கு முன் யார் யாருக்கு, எந்த எண்ணில், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்ற வரலாறு முழுவதும் அதில் கிடக்கும். அடியில் ‘நகல்’ என்று யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பது இருக்கும். அடுத்த மனுவை இந்த இரண்டும் சேர்ந்தே எழுதிக் கொடுத்துவிடும். வட்டாட்சியர் உங்களுக்கு அனுப்பிய பதிலிலேயே ‘பார்வை’யில் இரண்டாவதாக ஒரு கடிதம் குறிப்பிடப்பட்டிருக்கிறது, நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முதல் வேலையாக அதன் நகலைக் கேளுங்கள்.

யாரிடம் எதைக் கேட்பது? வட்டாட்சியரிடம் கால்வாயின் நில அளவை அறிக்கைகள், கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த ஆக்கிரமிப்பு அறிக்கைகள், ஆக்கிரமிப்பாளர்களுக்கு வழங்கப்பட்ட ‘பி’ மெமோ எனும் அறிவிப்புகள். கிராம நில விவரங்களைச் சொல்லும் ‘அ’ பதிவேடும், நில அளவு வரைபடமான புலப்படமும் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்திலேயே பார்க்கக் கிடைக்குமானால் அதற்காக ஒரு மனுவை வீணாக்க வேண்டாம். நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று தொடர்பான கோப்பு, கலங்கலும் (ஏரியின் உபரிநீர் வழியும் இடம்) கால்வாயும் எவ்வளவு நீரைக் கடத்த வடிவமைக்கப்பட்டவை என்ற பதிவு. ஏரி அந்தத் துறையின் கட்டுப்பாட்டில் இருந்தால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் கீழ் கொடுத்த அறிவிப்புகளையும் கேட்கலாம். ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய ஏரிகள் பெரும்பாலும் அப்படித்தான், அப்போது விலாசமே மாறிவிடும். நெடுஞ்சாலைத்துறையிடம் அந்தச் சிறுபாலத்தின் வரைபடம், மதிப்பீடு, ஒப்பந்த நகல், அளவுப் புத்தகத்தில் அந்தப் பாலத்துக்குரிய பக்கங்கள். கட்டுவதாகச் சொன்ன கண்கள் (தண்ணீர் போகும் திறப்புகள்) எத்தனை என்பது வரைபடத்திலும், கட்டியது எத்தனை என்பது முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்திலும் தெரிந்துவிடும். பேரூராட்சியிடம் மழைநீர் வடிகால் தொடர்பான மன்றத் தீர்மானங்கள் போதும்.

நெடுஞ்சாலைத்துறைக் கோப்பு பெரிதாக இருக்கும் என்று தோன்றினால் நகல் கேட்பதை விட நேரில் பார்வையிடக் கேளுங்கள். பிரிவு 2(ஜே) ஆவணங்களை மட்டுமல்ல, பணியையே ஆய்வு செய்யவும் உரிமை தருகிறது. கோப்பைப் புரட்டிப் பார்த்து, வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் அடையாளம் வைத்து நகல் வாங்கலாம். எதைக் கேட்பது என்று தெரியாதபோது இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ரயில்வே மத்திய அரசு. இதில் எல்லாமே வேறு. மாநில அலுவலகங்களுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்; மத்திய அலுவலகங்களில் அது செல்லாது. அங்கே இந்தியன் போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும், அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் கட்ட வேண்டும். அந்தத் தளத்தில் தவறிப்போய் மாநில அலுவலகத்துக்கான மனுவைப் போட்டால் திருப்பிவிடுவார்கள், பணமும் வராது. மத்திய விதிகள் மனு சாதாரணமாக 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. இரண்டாம் மேல்முறையீடும் டெல்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகும். மற்ற நான்கு அலுவலகங்களுக்கும் சென்னையில் உள்ள மாநில ஆணையம். இந்த இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் இரண்டு இடத்திலும் நிற்காது.

இனி நாள் கணக்கு. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு வரி வைத்து ஒரு தாளில் எழுதுங்கள்: மனு சேர்ந்த தேதி, 30-ஆம் நாள், பதில் கைக்கு வந்த தேதி, முதல் மேல்முறையீட்டுக் கடைசி நாள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினாலும் ஒப்புகையும் சேர்த்து வாங்குங்கள். பதில் வந்த நாளிலிருந்து, பதில் வராவிட்டால் கெடு முடிந்த நாளிலிருந்து, 30 நாளுக்குள் அதே துறையின் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் 30 நாளுக்குள், காரணத்தைப் பதிவு செய்தால் 45 நாளுக்குள், முடிவு சொல்ல வேண்டும். அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் ஆணையம். நடுவே கூடுதல் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வந்தால் உடனே கட்டிவிடுங்கள். அந்தக் கடிதம் புறப்பட்டதிலிருந்து நீங்கள் கட்டும் வரை உள்ள நாட்கள் 30-இல் சேராது. கெடு தாண்டித் தரும் தகவலுக்கு 7(6) பிரிவுப்படிக் கட்டணமே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் பேரூராட்சிக்கு மேல்முறையீடு போடுங்கள். மாற்றி அனுப்பிய கடிதத்தின் நகலை இணைத்தால் ‘மனு வரவில்லை’ என்ற சாக்குக்கு இடமிருக்காது. வட்டாட்சியர், நீர்வளத்துறை விஷயத்தில் பழைய மனுவுக்காக மல்லுக்கட்டுவதை விடப் புதிய மனு போடுவதே மேல். 10 ரூபாயும் ஒரு மாதமும்தான் செலவு. மேல்முறையீட்டுக்கும் புகாருக்கும் உள்ள வித்தியாசத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிவு 18-இன் கீழ் ஆணையத்துக்குப் புகார் மட்டும் அனுப்பினால், அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விழலாம், ஆனால் தகவலைக் கொடுக்கச் சொல்லி ஆணை கிடைக்காது என்று மணிப்பூர் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஆவணம். ஆகவே பிரிவு 19-இன் கீழ் மேல்முறையீடு.

‘கோப்பு காணவில்லை’ என்று யாராவது எழுதினால் அதோடு விட்டுவிடாதீர்கள். காணாமல் போவது தகவலை மறுக்கச் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றல்ல. தேடிப் பார்த்து, யார் பொறுப்பு என்று விசாரிக்கச் சொல்ல முடியும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியது. ‘அழிக்கப்பட்டது’ என்றால் அழித்ததற்கான ஆணையையும் பதிவேட்டின் பக்கத்தையும் கேளுங்கள். ஆக்கிரமிப்பாளர்களின் பெயர்களைக் கேட்கும்போது ஒரு தடங்கல் வரலாம்: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியதால், ‘தனிப்பட்ட தகவல்’ என்று மறுப்பது முன்பை விட எளிதாகிவிட்டது. பெயர் இல்லாமல் சர்வே உட்பிரிவு வாரியாக, அறிவிப்பின் தேதியையும் பரப்பளவையும் கேட்டால் உங்கள் வேலை நடந்துவிடும். பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் பொதுநலனைக் காட்டி 8(2) பிரிவைச் சுட்ட வேண்டும்.

கடைசியாக, சங்கம். தகவல் கேட்கும் உரிமை குடிமக்களுக்குத்தான், அமைப்புகளுக்கு இல்லை. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ‘தலைவர்’ என்று மட்டும் கையெழுத்திட்டால், அதையே காரணமாக்கி மனுவைத் திருப்பிவிடுகிற அலுவலகங்கள் உண்டு. உங்கள் முழுப் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதி வெள்ளைத் தாளில் போடுங்கள். ஐந்து மனுவையும் நீங்களே போட வேண்டும் என்பதும் இல்லை; சங்கத்தில் ஐந்து பேர் ஆளுக்கோர் அலுவலகமாக எடுத்துக்கொள்ளலாம். தேதிகள் எழுதிய அந்தத் தாள் மட்டும் ஒருவர் கையில் இருக்கட்டும்.